மூடிய திட்டின் மூன்று வரிகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை, சுவா நகரத்து நம்புவா பகுதியில், உனைசியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். மறைந்த குலத்தலைவர் எப்பேலியின் மனைவி உனைசி. அவர்களுடைய ஒரே மகள் அசெனாதா, மீன்வள ஆய்வாளர். எப்பேலியின் தம்பி இலியேசா, மீன்துறையில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அசெனாதாவோடு ஒரே அறையில் வேலை செய்யும் திமோதி. வேறு யாரும் இல்லை. ஐந்தாவது ஆளாகத் தாங்கள் இருந்து எல்லாவற்றையும் கேட்டதாகப் பின்னால் சிலர் சொன்னார்கள். அவர்கள் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

மழை காலையிலிருந்து விடவில்லை. மேசையில் இரண்டு மடிக்கணினிகள், வெண்ணெய் தடவிய பிஸ்கட், ஒரு பெரிய கெட்டிலில் தேநீர், இலியேசாவின் இருபத்திரண்டு பதிவேடுகள். ஒரு வருடத்துக்கு ஒன்று. தங்கள் குலத்துத் தீவின் படகுத்துறையில் உட்கார்ந்து, கரைக்கு வந்த ஒவ்வொரு மீன்கூடையையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, நாள், படகு, இடம், எடை என்று அவர் கைப்பட எழுதியவை. புயலடித்த நாளில் 'புயல், படகு போகவில்லை' என்றும் எழுதியிருப்பார். ஒரு நாளைக்கூட விட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை. அதை அவர் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

அந்தப் பதிவேடுகளை வைத்து அசெனாதா ஆறு வருடம் உழைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். விஷயம் எளிது. அவள் தாத்தா இறந்தபோது துக்கத்துக்காக ஒரு பவளத்திட்டை, யாரும் மீன் பிடிக்காதபடி, வழக்கப்படி மூடினார்கள். துக்கம் முடிந்த பிறகும் எப்பேலி அதைத் திறக்கவில்லை. பத்து வருடத்துக்கு அங்கே ஒரு தூண்டில் விழாது என்று சர்ச்சில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பத்து வருடம் கழித்துத் திறந்தபோது மீன் நான்கு மடங்காகப் பெருகியிருந்தது. மாகாணமே பேசிய விஷயம் அது. எப்பேலி இறந்த பிறகு சர்ச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள்: 'பத்து வருடம் சொன்ன சொல்லைக் காத்தவர்.' அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தது இலியேசா.

கட்டுரை தேறிவிட்டது. ஆனால் அச்சேறுவதற்கு முன்னால் ஆய்வுப் பத்திரிகை ஒரு நிபந்தனை வைத்தது. மூல எண்கள், அவற்றைச் சுத்தம் செய்த நிரல், படங்களை வரைந்த நிரல், எதை எந்த வரிசையில் ஓட்டவேண்டும் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் பிரித்து, தன் கணினியில் ஓட்டி, அதே ஏழு படங்களும் அதே எண்களும் வந்தால்தான் அச்சு. அசெனாதாவின் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இந்தக் கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் இல்லை. அதை எல்லாரும் அறிவார்கள்.

முன்பின் தெரியாதவராக அன்று நடித்தவன் திமோதி. புதுக் கணினி ஒன்றை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். அவன் ஆற்றுமுகச் சதுப்புக்காரன். அவன் குலத்துக்கும் இவர்கள் குலத்துக்கும் மூதாதையர் காலத்திலிருந்து கேலி உறவு. அவன் இவர்களை என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது, இவர்களும் அவனைத் திட்டலாம்.

முதல் தடவை ஓட்டினான். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றாள் அசெனாதா.

"உன் டெஸ்க்டாப்ல போய் ஃபைலைத் தேடுது. உன் டெஸ்க்டாப் என் கம்ப்யூட்டர்ல எப்படிம்மா இருக்கும்? இந்தத் தீவுக்காரங்களுக்கு உலகம் பூரா அவங்க வீட்டுக் கொல்லைன்னு நெனப்பு."

"சேத்து நண்டுக்கு டெஸ்க்டாப் எல்லாம் தெரியுதா?" என்றார் இலியேசா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

"நண்டுக்குக் கண்ணு வெளிய இருக்கு பெரியவரே, எல்லாம் தெரியும். உங்காளுங்களுக்குத்தான் கண்ணை உள்ள வச்சு மூடிட்டாங்க."

உனைசி சிரித்தாள். அசெனாதா திருத்தினாள். இரண்டாம் தடவை ஓடியது. ஆனால் ஐந்தாம் படத்தில் விடை கொஞ்சம் மாறி வந்தது. நிரல் நடுவில் குலுக்கல் எண்களைப் பயன்படுத்துகிறது, தொடக்க எண்ணை அவள் நிலைப்படுத்தவில்லை. அதையும் சரிசெய்தாள். மூன்றாம் தடவை ஏழு படங்களும் அச்சு அசலாக வந்தன. உனைசி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏழாவது படத்தைப் பார்த்தாள். பத்து வருடம் தரையோடு கிடந்து, பிறகு மலைபோல ஏறிய கோடு.

"அவருதானா இது?" என்றாள்.

"அப்பாவேதான்" என்றாள் மகள்.

மிச்சம் இருந்தது முகப்புக் குறிப்பு. எண்களில் எதையாவது நீக்கியிருந்தால் ஏன் நீக்கினோம் என்று அதில் எழுத வேண்டும் என்பது விதி. அசெனாதா திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"சித்தப்பா, 2008 ஆகஸ்டுல மூணு நாள். மூடின திட்டுல இருந்து மீன் வந்ததா இருக்குன்னு நான் நாலு வருஷத்துக்கு முன்னாடி ஃபோன் பண்ணிக் கேட்டேன். தப்பு, எடுத்துடுன்னு சொன்னீங்க. எடுத்துட்டேன். காரணம்னு என்ன எழுதட்டும்?"

இலியேசா கோப்பையைக் கீழே வைத்தார். "எழுத்துப் பிழை. இடத்தை மாத்தி எழுதிட்டேன்."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவள் அப்படியே தட்டச்சு செய்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் நிரல்தான் அந்த மூன்று தேதிகளையும் சுட்டிக்காட்டியிருந்தது. தேதியைக் கேட்டாள், நீக்கச் சொன்னார், நீக்கினாள். அந்த வரிகளில் வேறென்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. சித்தப்பா சொன்ன பிறகு சரிபார்க்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

திமோதி பதிவேடுகளைக் கையால் தட்டினான். "இருபத்திரண்டு வருஷம் புயல்லயும் பிழை விடாத கை, மூணு நாள் மட்டும் இடம் மாறிப் போச்சா? உங்காளுங்க மீன் திருடுனா கணக்கையும் சேத்துத் திருடுவாங்க போலிருக்கே."

மேசையே சிரித்தது. இலியேசாவும் சிரித்தார். சிரித்துத்தான் ஆகவேண்டும், அதுதான் முறை. "உன் தாத்தன் எங்க திட்டுல வலை வீசி மாட்டினவன். அவன் பேரன் எனக்கு நேர்மை சொல்றான்" என்றார். குரல் சரியாகத்தான் இருந்தது. கை மட்டும் பதிவேடுகளைத் தன் பக்கம் இழுத்தது.

அசெனாதா முழு ஃபோல்டரையும் சுருக்கிக் கட்டினாள். அப்போது திமோதி இன்னொன்று சொன்னான்.

"ஏய், அப்படியே கட்டாதே. ஒவ்வொரு மாத்தத்தையும் தேதி போட்டுச் சேத்து வைக்குமே, அந்த மறைவு ஃபோல்டர் உள்ளயே இருக்கு பாரு. நீ எடுத்தது போட்டது எல்லாம் அதுல இருக்கும். உங்க குலத்து அழுக்குத் துணியையும் சேத்து மூட்டை கட்டி அனுப்புறே."

"சரிதான் போடா. உங்க குலத்துல துவைக்கத் துணியே கிடையாது" என்றாள் அசெனாதா, அனுப்பும் பொத்தானை அழுத்தியபடி.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நின்று கேட்டிருப்பாள். மேலதிகாரி சொல்லியிருந்தால் கட்டைப் பிரித்துப் பார்த்திருப்பாள். கேலி உறவுக்காரன் வாயிலிருந்து வருவது எல்லாமே கேலி. அப்படித்தான் வளர்ந்தவர்கள். அவனும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அது நிஜமான குற்றச்சாட்டாகிவிடும், அவனுக்கு அந்த உரிமை இல்லை. உனைசி மரவள்ளிக்கிழங்கையும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனையும் கொண்டுவந்து வைத்தாள். இலியேசா ஜெபம் சொன்னார். சாப்பிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. கட்டைப் பிரித்து ஓட்டிய பெண்மணி எழுதியிருந்தாள். எல்லாப் படங்களும் வந்தன, இவ்வளவு ஒழுங்கான கட்டைப் பார்த்து நாளாயிற்று, பாராட்டுகள். ஒரே ஒரு கேள்வி. மாற்றங்களின் பழைய பதிவையும் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. அதில் மூன்று வரிகள் நீக்கப்பட்டதாகத் தெரிகிறது. எழுத்துப் பிழை என்கிறீர்கள். அந்த மூன்று வரிகளிலும் கடைசிக் கட்டத்தில் உங்கள் மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை மட்டும் மொழிபெயர்த்துத் தர இயலுமா?

அசெனாதா அலுவலகத்தில் அதைத் திறந்து வாசித்தாள். இலியேசாவே தட்டச்சு செய்தது. பதிவேட்டில் இருந்ததை இருந்தபடி கணினியில் ஏற்றியவர் அவர்தான், அப்போது ஒன்றையும் மறைக்கத் தோன்றவில்லை அவருக்கு. 'மூடிய திட்டு. தலைவர் உத்தரவு. சர்ச் மாநாட்டு விருந்துக்கு. தலைவரின் படகு.' மூன்று நாளும் அதே குறிப்பு. மூன்று நாளும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.

அன்று மாலையே அவள் இலியேசாவின் வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு தன் துணிகளை அவரே பார்த்துக்கொள்வார். அவள் அச்செடுத்த தாளை இஸ்திரிப் பலகையில் வைத்தாள். அவர் வாசிக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தேவை இல்லை.

"அப்பா வாக்குக் கொடுத்த ரெண்டாவது வருஷம்" என்றாள்.

"மாநாட்டுக்கு இருநூறு பேர் வந்தாங்க. வாரம் பூரா காத்து. வெளிக்கடலுக்குப் போக முடியல. தலைவர் வீட்டுக்கு வந்தவனுக்கு டின் மீன் போட முடியுமா?"

"போட்டிருக்கலாம்."

"உனக்குப் புரியாது."

"புரியுது சித்தப்பா. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அன்னிக்கு நீங்க எழுதாம விட்டிருக்கலாமே?"

இலியேசா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என் தராசுல ஏறின மீனை நான் எழுதாம விட்டதில்ல."

அது உண்மை. அண்ணன் படகுத்துறையில் நின்று, "எழுதுவியா?" என்று கேட்டார். "எழுதுவேன்" என்றார் தம்பி. "எழுது" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார். அந்தப் புத்தகத்தை யாரும் படிக்கப் போவதில்லை என்று இருவருமே நினைத்தார்கள்.

"பிரச்சனை ஒண்ணும் இல்ல" என்றாள் அசெனாதா. அவள் குரல் மெதுவாக, கெஞ்சுவது போல வந்தது. "மூணு வரியையும் திரும்பப் போட்டுடுவேன். பத்து வருஷம்ங்கறதை எட்டுன்னு மாத்துவேன். எட்டு வருஷத்துலயே மீன் நாலு மடங்கு. ஆய்வுக்கு அது இன்னும் பலம். அந்தம்மாவுக்கு நேரா எழுதிடறேன், போட்டுடுவாங்க."

"கல்லுல பத்துன்னு இருக்கு."

"கல்லு தப்பு."

"அவரு செத்துட்டாரு. பதில் சொல்ல வர மாட்டாரு."

"நான் உயிரோட இருக்கேன் சித்தப்பா. எனக்கு டிசம்பர்ல வேலை போயிடும்."

அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். முதலில் கை, பிறகு காலர். அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

பதிவேடுகள் குலத்தின் சொத்து. அவற்றைப் பயன்படுத்த எழுத்தில் சம்மதம் கொடுத்தவர் இலியேசா. அதைத் திரும்பப் பெற அவரால் முடியும், ஒரு கடிதம் போதும். ஆனால் அப்படிச் செய்தால் மகள்முறை உள்ளவளை எதிர்த்து நின்றதாகும். அதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். அவருக்குத் தெரிந்த வழி வேறு.

சனிக்கிழமை காலை, கோட்டு போட்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்பு சுலு வேட்டி கட்டி, உனைசியின் வீட்டுக்கு வந்தார். கையில் பாயில் சுற்றிய ஒரு திமிங்கலப் பல். கயிறு பழையது, பல் நிறம் மாறி மஞ்சளாக மின்னியது. அது எப்பேலியுடையது. மன்னிப்புக் கேட்டு அதை நீட்டினால், வாங்கிக்கொண்டவர் அந்த விஷயத்தைப் புதைத்துவிட்டார் என்று பொருள். பிறகு யாரும் அதைத் தோண்டக் கூடாது. வாங்க மறுத்தால் குடும்பம் இரண்டாகும்.

திமோதியும் அங்கே இருந்தான். கடிதத்துக்குப் பதில் எழுத உதவ வந்திருந்தான். பல்லைப் பார்த்ததும் எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

"உக்காரு. சாட்சி வேணும்" என்றார் இலியேசா.

தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அறுபத்தேழு வயதுக்காரர், தன் அண்ணன் மகள் முன்னால் தலை குனிந்து, இரண்டு கையாலும் பல்லை ஏந்திப் பேசினார். பெரியவர் சிறியவளிடம் அப்படிக் குனிவதை உனைசி அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் பொய் சொன்னேன். உன் உழைப்புல என் பொய்யைக் கலந்தேன். அந்தத் தப்புக்கு இதை வைக்கிறேன். இதோட இது புதையட்டும்."

அசெனாதா பல்லைத் தொடவில்லை. "எதைப் புதைக்கச் சொல்றீங்க? உங்க பொய்யையா, என் கட்டுரையையா?"

"ரெண்டும் ஒண்ணாக் கட்டிக் கிடக்கு. ஒண்ணை மட்டும் எடுக்க முடியாது."

"முடியும். மூணு வரிதான் சித்தப்பா."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

அசெனாதா அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த மீனைக் கழுவினது நான்தான்" என்றாள் உனைசி. "எந்தத் திட்டு மீன்னு பாத்த உடனே தெரியும், அவ்வளவு பெருசு. உங்கப்பா அதுல ஒரு துண்டு தொடல. விருந்து நடக்கும்போது சமையல்கட்டுக்குப் பின்னாடி உக்காந்து டின்னைத் திறந்து சாப்பிட்டார். நான் ஒண்ணும் கேக்கல." பிறகு இலியேசாவைப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, நீ எழுதினப்போ நல்லவனா இருந்தே. அழிச்சப்போதான் கெட்டுப் போனே. பொண்ணு என்ன செஞ்சாலும் நான் அவ பக்கம்."

"அண்ணி, நான் அவருக்காகத்தான்..."

"அவரு கேட்டாரா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அசெனாதா பல்லைப் பார்த்தாள். நாளை அம்மா இறந்தாலும் அந்தத் தீவில்தான் புதைகுழி, அப்பாவின் பக்கத்தில். குடும்பம் இரண்டானால் அங்கே படகில் போய் இறங்க யாரிடம் அனுமதி கேட்பது என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இலியேசாவும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் கதவையும் சாத்திவிட்டு வந்திருந்தார்.

அவள் இரண்டு கையாலும் பல்லை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னாள். திமோதி சாட்சிக்கு உரிய முறைப்படி கையைக் குவித்து மூன்று தடவை தட்டினான். அவன் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அவள் மேசைக்குப் போய், எல்லாரும் இருக்கும்போதே கடிதம் எழுதினாள். நான்கு வரி. தரவின் உரிமையாளர்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், கட்டுரையை விலக்கிக்கொள்கிறோம், தங்கள் நேரத்துக்கு நன்றி. மடிக்கணினியை இலியேசாவின் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"நாளைத் தப்பாப் போட்டிருக்கே" என்றார். "இன்னிக்குப் பதினெட்டு இல்ல, பத்தொன்பது."

அவள் திருத்தி அனுப்பினாள்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. அசெனாதா லம்பாசாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனாள். புதைத்ததைத் தோண்டக் கூடாது என்ற முறையை அவள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். அந்த விஷயத்தை இலியேசாவிடம் மறுபடி பேசவில்லை. வேறெந்த விஷயத்தையும் பேசவில்லை. ஈஸ்டருக்கு வந்தாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், குறை சொல்ல இடமில்லாமல் நடந்துகொண்டாள், போனாள்.

திமோதியை இலியேசா ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தார். தூரத்திலேயே கையை உயர்த்தி, "என்னடா சேத்து நண்டு, இன்னும் உயிரோட இருக்கியா?" என்று கூப்பிட்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அடுத்த வசவுக்குக் காத்திருந்தார்கள்.

திமோதி அருகில் வந்து, தொப்பியைக் கழற்றி, "வணக்கம் ஐயா. உடம்பு நல்லா இருக்குங்களா?" என்றான்.

இலியேசாவுக்கு முதலில் புரியவில்லை. கேலிக்குள் கேலியோ என்று அவன் முகத்தைப் பார்த்தார். இல்லை. அவன் தன் இடத்தை விட்டுக்கொடுத்து இவரை வரிசையில் நிற்கச் சொன்னான், பையை வாங்கிப் பேருந்தில் ஏற்றினான், இறங்கி நின்று வழியனுப்பினான். அவன் பாட்டனும் முப்பாட்டனும் இவர் குலத்தில் ஒருவருக்கும் கொடுக்காத மரியாதை அது. இலியேசா வீடு சேரும் வரை பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்.

சர்ச் சுவரில் கல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இலியேசா அதன் எதிரில்தான் உட்காருகிறார், அது அவர் இடம்.

எண்களை அசெனாதா தன் வசதிக்குத் திருத்தினாள், பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள், அதனால்தான் வேலை போயிற்று என்று சுவாவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மை இல்லை. பத்திரிகை எதையும் திருப்பி அனுப்பவில்லை. திருத்தச் சொன்னவர் இலியேசா.